தொண்டர் நினைவும் ஊரார் குரலும்



1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடி தோற்றுவித்த பீஸ் கோர் என்னும் தொண்டர் படை, அவ்வாண்டு முதல் 1976 வரை இந்தியாவிலும் பணிபுரிந்தது. கோழி வளர்ப்பு, கல்வி, நலவாழ்வு ஆகிய துறைகளில் இளைஞர் பலர் நம் மக்களுடன் உழைத்தனர். பிற நாட்டு மக்களைத் தம் நாட்டார்க்கு உணர்த்துதலும் அப்படையின் மூன்று நோக்கங்களுள் ஒன்று. திரும்பிய தொண்டர்களின் வாய்மொழி நினைவுகளைப் பாஸ்டனிலுள்ள கென்னடி நூலகம் பேணி வருகிறது. அவற்றுட் பலவற்றை இன்று இணையத்திலேயே கேட்கலாம்.

நற்பணியே அது. ஆயினும், அத்தொகுப்பில் பேசுவோர் தொண்டர்களே. அவர்க்குச் சோறிட்டவரும் மொழி பயிற்றியவரும் என்ன நினைத்தனர்? அவர்தம் சான்றும் சேர்ந்தாலன்றி வரலாறு நிறைவுறாது எனக் கருதுகிறோம். மாணவர்களே! அம்முதியோர் மறையுமுன் கேட்டுப் பதிவு செய்வோம். கைப்பேசியே அதற்குப் போதிய கருவி.