நோயும் தனிக்குவளையும்



நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் உடல்நலம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணிக்கப்பெற்றோம். நாம் மருத்துவர் அல்லோம், பள்ளி ஆசிரியர். ஆகவே, காதில் விழுந்த செய்தியை ஆராய்ந்து ஏற்பது எங்ஙனம் என்னும் பாடத்தையே, ஒரு நோயைச் சான்றாகக் கொண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் உறவினரான முதியவர் ஒருவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டது. அந்நோய்க்கு வைரஸே காரணம் என எவரோ சொல்லக் கேட்ட வீட்டார், அவருக்குத் தனிக்குவளையும் தனித்தட்டும் வைத்தனர். தேநீர்க் கடையில் தனிக்குவளையை எதிர்த்து நின்றவர் அவர். தம் வீட்டிலேயே அது தமக்கு வைக்கப்பட்டதைக் கண்டு வாய் திறவாதிருந்தார். மருத்துவமனைக்குச் செல்வதையும் நிறுத்திக்கொண்டார். வீட்டார் தெளிவதற்குள் நோய் முற்றிவிட்டது.

அவர்கள் கேட்ட செய்தி மெய்தானா? ஆராய்வோம்.

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்த சுரப்பி. ஏறத்தாழப் பெருநெல்லிக்கனி அளவினது. வைரஸால் புற்றுநோய் தோன்றக்கூடும் என்பது வெறுங்கதை அன்று. கோழிகளில் இதனை 1911இல் காட்டிய பெய்ட்டன் ரௌஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஹெப்படைடிஸ் பி வைரஸ் கல்லீரல் புற்றுநோயையும், பாப்பிலோமா வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுநோயையும் விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. இவ்விரு வைரஸ்களுக்கும் தடுப்பூசிகள் உண்டு. பெற்றோர் அவற்றைத் தவறவிடலாகாது.

ஆகவே, புராஸ்டேட்டிலும் வைரஸைத் தேடியது முறையே. 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 86 நோயாளரின் கட்டிகளை ஆராய்ந்து, எக்ஸ்.எம்.ஆர்.வி. என்னும் புதிய வைரஸைக் கண்டதாக அறிவித்தனர். வைரஸை எதிர்க்கும் மரபணுவொன்றின் மாற்றத்தைத் தாய், தந்தை இருவர் வழியும் பெற்ற 20 பேரில் 8 பேரிடமும், ஏனைய 66 பேரில் ஒருவரிடம் மட்டுமே அது காணப்பெற்றதாம். இக்கணக்கு எவரையும் நம்பச் செய்யும்.

ஆயினும், பிற ஆய்வுக்கூடங்களில் தேடியோர் பலருக்கு அது அகப்படவில்லை. 2011இல் அதன் பிறப்பு வெளிப்பட்டது. 1990களில் மனிதக் கட்டியொன்றை எலிகளின் உடலில் வைத்து வளர்த்தபொழுது, எலிகளின் மரபுப்பொருளில் உறைந்திருந்த இரு வைரஸ் கூறுகள் ஒன்றிணைந்து உண்டானதே அவ்வைரஸ்! 2012இல் முதல் ஆய்வை நடத்தியோருள் சிலரே தம் பழைய மாதிரிகளை மீண்டும் சோதித்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து அவ்வைரஸ் மாதிரிகளில் கலந்துவிட்டது என வெளியிட்டனர். அவ்வாண்டே முதற்கட்டுரையும் விலக்கிக்கொள்ளப்பட்டது. மாசு நோயாளரிடத்து இல்லை, ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

தம் பிழையைத் தாமே தேடி உரைத்த நேர்மையை மாணவர்கள் நெஞ்சிற் கொள்க. பிற நுண்கிருமிகள் பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன. எனினும், இன்றளவும் எந்த வைரஸும் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் காரணமென நிறுவப்படவில்லை. அந்நோய் குவளையாலோ பாயாலோ பரவுவதும் இல்லை.

முதுமை ஏற ஏற இந்நோய் வரும் வாய்ப்பு மிகும். தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ இருந்திருப்பின் மேலும் மிகும். இரவில் பன்முறை சிறுநீர் கழித்தல், நீர் தடைப்படல் ஆகியவை பெரும்பாலும் புற்றல்லாத வீக்கத்தால் வருவன. சிறுநீரில் இரத்தம் கண்டால் தாழ்த்தலாகாது. தொடக்கநிலைப் புற்று அறிகுறி ஏதும் காட்டாதும் இருக்கும். ஆதலின் 50 வயதைக் கடந்தோர் நாணி மறையாது மருத்துவரை அடைந்து, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை தமக்கு வேண்டுமா எனக் கேட்டறிக.

இளைஞர்களே! "தொட்டால் ஒட்டும்" என்று சான்றின்றிச் சொன்ன உலகால் தலைமுறை தலைமுறையாய்த் துன்புற்றவர் நாம். அச்சொல்லை நம் வீட்டு நோயாளியின்மீது நாமே சொல்லலாமா? எவர் எதைச் சொன்னாலும் "சான்று யாது?" எனக் கேளுங்கள். நோயுற்றவரின் அருகமர்ந்து உண்ணுங்கள். கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கற்ற கல்வியின் பயன் அதுவேயாகும்.