"அதப் படிச்சு என்ன செய்யப் போற?"

(மணவாளக்குறிச்சியில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பி.ஏ. சமூகவியல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அதப் படிச்சு என்ன செய்யப் போற மக்கா?" என்பதுதான். கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. பதில் சொல்கிறேன். அதற்கு முன், இது என்ன பாடம் என்று பார்த்துவிடுவோம்.

நம் ஊர் மணலிலிருந்தே தொடங்கலாம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர் கரையிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அன்று கேஸ் விளக்கின் மேண்டில் செய்யத் தேவைப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சிக்கு ஆலை வந்தது. மணலில் என்ன இருக்கிறது என்று வேதியியல் கேட்டது. அந்தக் கயிற்றைத் திரித்த கைகள் யாருடையவை? அவர்களுக்கு என்ன கூலி? ஆலையில் நிரந்தர வேலை யாருக்கு, ஒப்பந்த வேலை யாருக்கு? மணல் அள்ளப்படும் கரையில் குடியிருப்பவர்கள் யார்? இவற்றைக் கேட்பது சமூகவியல்.

சாதியைப் பற்றி இப்படிக் கேள்வி கேட்டு விடை தேடியவர் அம்பேத்கர். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவராக ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம் என்றார். சொந்தச் சாதிக்குள்ளேயே திருமணம் என்ற வேலி நிற்க வேண்டுமானால் பெண்ணைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். சதியும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமியர் திருமணமும் அதற்கான வழிகள் என்று விளக்கினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் பொறியியல் மாணவர், தலித். சாதி மாறித் திருமணம் செய்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. இத்தகைய கொலையைக் குடும்பத் தகராறு என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அம்பேத்கரைப் படித்தவரால் அப்படிக் கடக்க முடியாது.

அதற்காகச் சமூகவியல் வகுப்பறையைச் சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.என். சீனிவாஸ் 1952-இல் வெளிவந்த நூலில் 'சமஸ்கிருதமயமாக்கல்' என்ற கருத்தை வைத்தார். கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதிப் பழக்கவழக்கங்களைப் பின்பற்றி மேலே நகர முயல்கின்றன என்பது அதன் சுருக்கம். இதை நம் மாவட்டத்துத் தோள்சீலைப் போராட்டத்தின் மீது வைத்துப் பாருங்கள். தலைமுறை கடந்து அடிபட்டுப் போராடிய பெண்கள், மேல்சாதிப் பெண்களைப் பார்த்து உடுத்த ஆசைப்பட்டவர்களாகச் சுருங்கிவிடுவார்கள். 1859-இல் வந்த அரச அறிவிப்புகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அப்படியானால் சண்டை துணிக்காகவா, மானத்துக்காகவா? அந்தப் பாட்டிகளின் பேத்தி வகுப்பில் எழுந்து இதைக் கேட்டால், ஆசிரியரும் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியாக வேண்டும். அந்தப் பேத்தி அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

இப்போது வீட்டின் கேள்விக்கு வருகிறேன். பி.ஏ. முடித்த மறுநாள் வேலை காத்திருக்காது. முதுகலை, நெட் தேர்வு, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, ஆராய்ச்சி என்பது ஒரு வழி, நீளமான வழி. குடிமைப் பணித் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடமாக இருக்கிறது. சமூகப்பணி, கள ஆய்வு என்றும் போகலாம். மூன்று ஆண்டில் புள்ளியியலையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நோட்ஸை மட்டும் மனப்பாடம் செய்தால் கஷ்டம்தான்.

வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு 2025-இல் அறிவித்தது. அந்த எண்களை வைத்து நம் இட ஒதுக்கீட்டைப் பற்றி யார் யாரோ பேசுவார்கள். அவற்றை வாசித்துப் பதில் சொல்ல நம் வீடுகளிலிருந்தும் ஆள் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பாடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜெய் பீம்.