பொம்மைக்கு மதிப்பெண்

ஒரு பொருளை நல்லது என்றோ தீயது என்றோ சொல்லிவிடுவது எளிது. எதைக் கொண்டு அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டால் விடை கூறுவதுதான் கடினம். நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். ஓவியத்தைப் பாராட்டிப் பேசுகிறோம். அவற்றை அளப்பதற்குப் பெரியோர்கள் வகுத்துத் தந்த அளவுகோல்கள் இருக்கின்றன. ஆனால், ஒரு விளையாட்டுப் பொம்மையை எவ்வாறு மதிப்பிடுவது? மாணவ நண்பர்களாகிய உங்களிடம் இன்று இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். பொம்மையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வானொலிப் பேச்சா என்று சிலர் புன்முறுவல் செய்யலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் புன்முறுவல் செய்தவன்தான்.

2011ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பில் தேறியிருந்த சமயம். வந்த மறுநாள் கடைத்தெருவுக்குச் சென்று திரும்பியவன், ஒரு பெட்டியை என் மேசைமேல் வைத்தான். அதற்குள் ஒரு சாணுக்கும் குறைவான உயரமுள்ள இயந்திர மனிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கைகால்களை மடக்கித் திருப்பினால் அவனே ஒரு வாகனமாக மாறிவிடுவானாம். ஆனால், பையனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“மாமா, எட்டு மாதம் சேர்த்து வைத்திருந்த பணத்தில் இதை வாங்கினேன். ஆனால், விளையாட்டில் வருவதுபோல் இது இல்லையே! நான் ஏமாந்துவிட்டேனா? பழுதில்லாமல் மூன்று நாளைக்குள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றான்.

அவன் குறிப்பிட்ட விளையாட்டு, ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: வார் ஃபார் சைபர்ட்ரான்’ என்னும் வீடியோ விளையாட்டு. அமெரிக்காவிலுள்ள ஹை மூன் ஸ்டூடியோஸ் அதனை உருவாக்க, ஆக்டிவிஷன் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. சைபர்ட்ரான் என்பது கதையில் வரும் ஓர் இயந்திர உலகம். அங்கே வாழும் இயந்திர மனிதர்கள் இரு கட்சியாகப் பிரிந்து போரிடுகிறார்கள். ஒரு கட்சியின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம்; மறு கட்சியின் தலைவன் மெகட்ரான். மேசைமேல் நின்றவன் ஆப்டிமஸ் பிரைம். விளையாட்டு வெளிவந்த அதே ஆண்டில், அதில் தோன்றும் உருவத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட பொம்மை அது.

இந்தப் பொம்மைகளின் வரலாறு சுவையானது. ஜப்பானில் டக்காரா என்னும் நிறுவனம் உருமாறும் பொம்மைகளைச் செய்து விற்றுவந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் அவற்றைப் பெற்று, பெயரும் கதையும் சூட்டி, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று வெளியிட்டது. அன்று பொம்மை முதலில் பிறந்தது. கதை பின்னர் பிறந்தது. 2010இலோ முறை தலைகீழாகிவிட்டது. திரையில் ஓடும் உருவம் முந்திக்கொண்டது. கையில் பிடிக்கும் பொம்மை அதன் பின்னே ஓடவேண்டியதாயிற்று.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1984இல் வந்த பொம்மைகளுள் ஒன்று ஃபோக்ஸ்வேகன் காராக மாறும். மற்றொன்று கைத்துப்பாக்கியாக மாறும். உலகத்தில் உள்ள பொருளோடு ஒப்பிட்டு, ‘ஒத்திருக்கிறது’, ‘ஒத்திருக்கவில்லை’ என்று எவரும் சொல்லிவிடலாம். சைபர்ட்ரான் கதையோ, அவர்கள் பூமிக்கு வருவதற்கு முன் நடப்பது. அங்குள்ள வாகனங்கள் நம் தெருவில் ஓடும் எதையும் போன்றவை அல்ல. மூலத்தைக் காணவேண்டுமானால் திரையில்தான் காணவேண்டும். ஆதலால், அந்த விளையாட்டைப் பல மணி நேரம் ஆடிப் பழகிய சிறுவன்தான் அங்கே நிபுணன், நான் அல்லன்.

ஆனால், அந்த அடக்கம் அன்று எனக்கு இல்லை. “எங்கே, கொடு பார்க்கலாம்!” என்று வாங்கினேன். செய்முறைத் தாளை ஒதுக்கிவைத்தேன். படித்தவனுக்குப் பொம்மையை மடக்கத் தாள் எதற்கு? கையை மடக்கினேன், மார்பைத் திறந்தேன். ஒரு கால் மட்டும் மடங்க மறுத்தது. “பார்த்தாயா, மூட்டே சரியில்லை. இதற்கு நூற்றுக்கு முப்பதுகூடக் கொடுக்கமாட்டேன்!” என்று சொல்லிக்கொண்டே பலமாக அழுத்தினேன். ‘நொறுக்’ என்று ஓர் ஓசை கேட்டது. மூட்டின் அருகே பிளாஸ்டிக்கில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது.

பையன் ஒன்றும் பேசவில்லை. பொம்மையை மெல்ல வாங்கினான். ஒரு பகுதியை மற்றொன்றின் பிடியிலிருந்து முதலில் விடுவித்தான். பிறகு காலை மடக்கினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அது இறங்கியது. மூட்டில் குற்றம் இல்லை. முறை அறியாமல் அழுத்திய என் விரலில்தான் குற்றம்.

அப்போதுதான் நான் செய்துவிட்ட காரியத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. பழுதில்லாமல் கொண்டுவந்தால்தான் கடைக்காரர் பணம் தருவார். அந்தக் கோட்டை மறைத்துக் கொடுப்பது முறையன்று. தீர்ப்புச் சொல்லுமாறு வேண்டியவனிடம், தீர்ப்பைச் சொல்வதற்கு முன்பே அவனுடைய உரிமையைப் பறித்துவிட்டேன். “பொம்மையின் விலையை நான் தந்துவிடுகிறேன், மன்னித்துவிடு” என்றேன். “முதலில் சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், மாமா. பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றான் அவன்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து பொம்மையை ஆராயத் தொடங்கினோம். முதலில் அவன் விளையாட்டை ஓட்டிக் காட்டினான். ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திர மனிதன் கண் இமைக்கும் நேரத்தில் வாகனமாகிவிடுகிறான். தரையைத் தொடாமல் மிதந்து செல்கிறான். உடலெங்கும் ஒளிக்கோடுகள் மின்னுகின்றன. இதைக் கண்டு பழகிய கண்ணுக்கு மேசைமேல் இருக்கும் பொம்மை ஏமாற்றமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால், திரையில் மாறுவது எது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். கணிப்பொறி காட்டும் உருவம் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை இணைத்துச் செய்த ஒரு வெறும் போர்வை. அதற்குத் தடிப்பு இல்லை, எடை இல்லை. ஒரு பகுதி மற்றொரு பகுதியினூடே புகுந்து செல்லலாம். வேண்டாத உறுப்பு சுருங்கலாம், மறைந்தும் போகலாம். கண்ணுக்கு இனிதாயிருந்தால் போதும். யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

பொம்மை செய்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே இடத்தில் இரண்டு பொருள்கள் இருக்கமுடியாது என்பது இயற்கையின் சட்டம். மனிதனாக நிற்கும்போது இருக்கும் ஒவ்வொரு துண்டும் வாகனத்திலும் எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே தீரவேண்டும். தலை எங்கே ஒளியும்? கால்கள் எங்கே மடங்கும்? சக்கரங்கள் எங்கே செல்லும்? இவற்றுக்கெல்லாம் தடிப்பும் எடையும் உள்ள பிளாஸ்டிக்கில் விடை காணவேண்டும். இதைப் பையனுக்கு விளக்கியபோது அவன் கண்கள் விரிந்தன. “அப்படியானால், விளையாட்டில் வருவது பொய், இதுதான் மெய்யா?” என்று கேட்டான். “பொய் என்று சொல்லவேண்டாம், அது சித்திரம். இது தச்சு வேலை. சித்திரத்தை அளக்கும் கோலால் தச்சு வேலையை அளக்கலாகாது” என்றேன்.

பிறகு நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண்.

முதற்கேள்வி: மாற்றம் நேர்மையானதா? எதையும் கழற்றி எறியாமல், வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் உரு மாறுகிறதா? கையிலிருந்த துப்பாக்கிகூட வாகனத்தின்மேல் இடம் பெற்றது. முழு மதிப்பெண் கொடுத்தோம்.

இரண்டாம் கேள்வி: நிற்கிறதா? ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அதன் பாதங்களுக்குள் விழுந்தால்தான் அது சாயாமல் நிற்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நீட்டிய கை தொங்கிவிடாமல் இருப்பதும் கணக்கே. 10 கிராம் எடையுள்ள துப்பாக்கி, தோளிலிருந்து 6 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 60 கிராம்-சென்டிமீட்டர். கையின் எடையையும் இதனோடு கூட்டித் தாங்கும் அளவுக்குத் தோள்மூட்டில் உராய்வு வேண்டும். உராய்வு மிகுந்துவிட்டாலோ குழந்தையின் விரலுக்கு மூட்டு அசையாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று அளவு காண்பதுதான் திறமை. இதற்கு இருபது கொடுத்தோம்.

மூன்றாம் கேள்வி: நீடிக்குமா? இத்தகைய பொம்மைகளின் பெரும்பகுதி ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றின் சேர்க்கை அது. அதிலுள்ள ரப்பர்த்தன்மை எளிதில் உடையாமல் காக்கிறது. அளவுக்கு மீறி வளைத்தால் உள்ளே நுண்ணிய பிளவுகள் தோன்றி ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால் அவ்விடம் வெளுத்துத் தெரிகிறது. நான் உண்டாக்கிய வெள்ளைக் கோடு அதுதான். அவ்வளவு முரட்டுத்தனத்துக்குப் பிறகும் மூட்டு அறுந்துபோகவில்லை. இதற்கும் இருபது கொடுத்தோம்.

நான்காம் கேள்வி: மூலத்தை ஒத்திருக்கிறதா? இங்கே பையன்தான் நீதிபதி. முகம் ஒத்திருக்கிறது என்றான். தோளின் அமைப்பும் ஒத்திருக்கிறது என்றான். திரையில் கண்ட கம்பீரமான பருமன் இல்லை என்றான். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே பூசவேண்டும். ஒவ்வொரு பூச்சும் செலவு. ஆகவே, திரையில் மின்னுவனவற்றுள் பல, இத்தகைய பொம்மைகளில் வெறும் செதுக்கலாக நின்றுவிடுகின்றன. வாகனத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மடங்கிய உறுப்புகள் தெரிகின்றன. பத்துக்கு மேல் கொடுக்க அவன் மனம் இசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆக மொத்தம் எழுபத்தைந்து. காலையில் நான் ‘முப்பதுகூடக் கொடுக்கமாட்டேன்’ என்று சொன்ன அதே பொம்மை! மாலைக்குள் பொம்மை மாறிவிடவில்லை; அளவுகோல்தான் மாறியது. ஒன்றை மதிப்பிடுவதற்கு முன், அது எந்தக் கட்டுப்பாடுகளுக்குள் செய்யப்பட்டது என்று அறியவேண்டும். அதனைக் கையாளும் முறையைக் கற்கவேண்டும். அதை நன்கு அறிந்தவன் நம்மினும் இளையவனாயினும் அவனிடம் கேட்கவேண்டும். அதன் பிறகும் குறை தெரிந்தால், தயங்காமல் குறை என்றே சொல்லவேண்டும். நூலுக்கும் இதுவே முறை. நண்பனுக்கும் இதுவே முறை.

மூன்றாம் நாள் காலையில் பணத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். “வேண்டாம், மாமா. எழுபத்தைந்து வாங்கியவனை யாராவது பள்ளியைவிட்டு அனுப்புவார்களா?” என்று சிரித்துவிட்டு, பொம்மையைப் பெட்டியில் வைத்துக்கொண்டான். ஊருக்குப் புறப்படும்போது செய்முறைத் தாளை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். “அடுத்த விடுமுறைக்குள் படித்து வையுங்கள்” என்றான். அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.