பழைய லொறியின் நோயறிதல்

சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் செல்லும் பழைய டீசல் லொறி நடுவழியில் இழுக்க மறுத்தால், பலரும் முதலில் சந்தேகிப்பது கியர்ப்பெட்டியைத்தான். அதைக் கழற்றுவதோ பெருஞ்செலவு. ஆதலால், கழற்றுமுன் சோதித்தல் வேண்டும்.

முதலில் லொறியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது விழாத கியர், எஞ்சினை நிறுத்தியதும் எளிதில் விழுமாயின், கிளச் முழுதாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். நிறுத்திய பின்னரும் இறுகியே இருந்தால்தான் கியர்ப்பெட்டியையும் அதன் இணைப்புத் தண்டுகளையும் ஆராய வேண்டும்.

அடுத்து, ஒருவர் அக்சிலேட்டரை அழுத்த, மற்றொருவர் டீசல் பம்பிலுள்ள நெம்புகோலைக் கவனிக்கட்டும். அது எல்லைவரை நகராவிடில் குறை இணைப்பில் உள்ளது. நகர்ந்தும் வேகம் பிறக்காவிடில், வடிகட்டியின் அடைப்பையும் குழாயில் புகுந்த காற்றையும் பார்க்க வேண்டும்.

இவையாவும் சீராயிருந்தும் வலுக் குன்றினால், பம்பு தேய்ந்திருக்கக் கூடும். 1990-களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாண மக்கள் மண்ணெண்ணெயில் தாவர எண்ணெய் கலந்து வண்டிகளை ஓட்டினர். டீசல் எரிபொருள் மட்டுமன்று. பம்பின் உள்ளுறுப்புகள் தேயாமல் காக்கும் வழுவழுப்பும் அதனிடம் உண்டு. மண்ணெண்ணெயில் அது குறைவு. கலந்த எண்ணெய் அக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

காரணத்தைக் கண்டபின் கருவியை எடுப்பவரின் கைப்பொருள் வீணாகாது.