அந்த இரைப்பைக்குச் சொந்தக்காரர்

(ஜீரண மண்டலப் பாடத்தைத் தொடங்கவிருக்கும் மருத்துவ மாணவர்களுக்கு நமது ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை. நம் ஆஸ்பத்திரியைத் தாங்கிவரும் அன்பர்களும் வாசிக்கவேண்டும் என்று எண்ணி, பேசியபடியே வெளியிடுகிறோம்.)



ஜீரண மண்டலப் பாடம் தொடங்கும் நாளில் ஒரு போதகருக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் உங்கள் பேராசிரியரிடம் அதைத்தான் கேட்டேன். "வயிற்றைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம் ஐயா, நீங்கள் வயிற்றுக்காரரைப்பற்றிப் பேசுங்கள்" என்றார். பவுல் அப்போஸ்தலனும் தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்துக் கவலைப்பட்டு ஒரு நிருபத்தில் ஆலோசனை எழுதியிருக்கிறார். ஆகையால் எங்கள் கூட்டத்தாருக்கும் இந்தத் துறையில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று துணிந்து வந்துவிட்டேன்.

இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று முதன்முதலாக ஒழுங்காகக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் டாக்டர் வில்லியம் போமாண்ட். அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் பார்த்த இரைப்பை யாருடையது? அந்த மனிதரைப்பற்றித்தான் இன்றைக்குப் பேச நினைக்கிறேன். அவர் பெயர் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்.

வட அமெரிக்காவில் ஹியூரான், மிச்சிகன் என்ற இரண்டு பெரிய ஏரிகள் சந்திக்கும் இடத்தில் மாக்கினா என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. அந்த நாட்களில் அது தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். குளிர்காலமெல்லாம் காட்டில் பிடித்த மிருகங்களின் தோலைப் படகில் ஏற்றிக்கொண்டு கோடையில் ஜனங்கள் அங்கே வந்து கூடுவார்கள். அப்படி வந்த கனடா நாட்டுப் படகுக் கூலிகளில் ஒருவர்தான் அலெக்சிஸ். பிரெஞ்சு பேசுகிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், வாலிபர். 1822ஆம் வருஷம் ஜூன் 6ஆம் தேதி காலை, கம்பெனிக் கடைக்குள் யாரோ ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்றடி தூரத்தில் நின்ற அலெக்சிஸின் இடதுபக்க மார்புக்குக் கீழே வாத்து சுடும் ரவை முழுவதும் பாய்ந்தது. சட்டையும் தீப்பற்றிக்கொண்டது.

தீவிலிருந்த கோட்டையின் ராணுவ டாக்டர் போமாண்ட். அவர் ஓடிவந்து பார்த்தபோது விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே கிழிந்த இரைப்பை. அதன் வழியாகக் காலையில் உண்ட ஆகாரம் வெளியே வந்துகொண்டிருந்தது. இவர் பிழைக்கமாட்டார் என்றுதான் டாக்டர் நினைத்தார். மயக்க மருந்தாகிய ஈதர் வர இன்னும் 24 வருஷம் இருந்தது. காயத்தில் கிருமி சேராமல் காக்கவேண்டும் என்று லிஸ்டர் எழுதியது 1867இல்தான். ஆனாலும் அலெக்சிஸ் பிழைத்தார். முதல் 17 நாள் வாயால் உண்டதெல்லாம் துவாரத்தின் வழியே வெளியே வந்துவிட்டதால், ஆசனவாய் வழியாகப் போஷாக்கு கொடுத்து டாக்டர் அவரைக் காப்பாற்றினார்.

மறுவருஷம் ஊர் நிர்வாகம் கையை விரித்துவிட்டது. இந்த ஏழைக்கு இனிச் செலவு செய்ய முடியாது, சொந்த ஊருக்கே அனுப்பிவிடுங்கள் என்றார்கள். ஆயிரம் மைலுக்கு மேல் படகுப் பிரயாணம். அந்த நிலையில் போனால் வழியிலேயே சாவு நிச்சயம். போமாண்ட் அவரைத் தன் சொந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய், உணவும் உடையும் கொடுத்து, தன் கையாலேயே தினமும் கட்டுக் கட்டினார். அவருக்கும் சொற்பச் சம்பளந்தான். இதை நீங்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் பின்னால் நான் அவரைப்பற்றிச் சில கடினமான காரியங்களையும் சொல்லப்போகிறேன். அவர் கெட்ட மனிதர் அல்ல.

காயம் ஆறியது, ஆனால் துவாரம் மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு உடம்பின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு மடிப்பு வளர்ந்து கதவுபோல வாயை மறைத்தது. விரலால் அதை உள்ளே தள்ளினால் இரைப்பையின் உட்புறம் தெரியும். இன்றைக்கு நீங்கள் எண்டாஸ்கோப் குழாயை விட்டுத் திரையில் பார்க்கிறதை, அன்று அவர் வெறுங்கண்ணால் பார்த்தார்.

அந்தக் காலத்தில் ஜீரணம் என்றால் என்ன என்பதே வழக்காக இருந்தது. இரைப்பை அம்மிபோல அரைக்கிறது என்றார்கள் சிலர். ஊறவைத்த மாவுபோலப் புளிக்கிறது என்றார்கள் வேறு சிலர். இத்தாலியரான ஸ்பலான்சானி ஆகாரத்தைத் துணிப்பையில் கட்டித் தானே விழுங்கிப் பார்த்து, ஏதோ ஒரு நீர்தான் கரைக்கிறது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். 1824இல் பிரவுட் என்ற ஆங்கில மருத்துவர் இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் உயிரோடிருக்கும் மனிதனுடைய இரைப்பைக்குள் அது எப்போது சுரக்கிறது, எவ்வளவு நேரத்தில் எதைக் கரைக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

1825 ஆகஸ்ட் 1ஆம் தேதி நண்பகல் 12 மணிக்குப் போமாண்ட் ஒரு பட்டு நூலில் ஆகாரத் துண்டுகளைக் கட்டினார். மசாலா போட்டுச் சமைத்த மாட்டிறைச்சி, உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, உப்பிட்ட பச்சை இறைச்சி, வேகவைத்த இறைச்சி, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ். தூண்டிலில் இரை கட்டுவதுபோல அந்த நூலைத் துவாரத்துக்குள் இறக்கினார். ஒரு மணிக்கு வெளியே இழுத்துப் பார்த்தார்: கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. திரும்ப உள்ளே விட்டார். இரண்டு மணிக்கு இழுத்தார்: கோஸ், ரொட்டி, கொழுப்பு, வேகவைத்த இறைச்சி எல்லாம் கரைந்து போயிருந்தன. அலெக்சிஸ் வயிறு வலிக்கிறது, உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்படி 238 பரிசோதனைகள். வெறும் வயிற்றில் ஜீரண நீர் தேங்கி நிற்பதில்லை, ஆகாரம் வந்தபிறகே சுரக்கிறது என்று கண்டார். அந்த நீரைக் குப்பியில் எடுத்து, உடம்பின் உஷ்ணத்தில் வைத்தால், வெளியிலும் அது இறைச்சியைக் கரைக்கிறது, நேரம்தான் கூடுதலாகிறது. அரைப்பதும் புளிப்பதும் அல்ல, ரசாயனந்தான் முக்கியம் என்பது நிலைநாட்டப்பட்டது. சாராயம் குடித்த மறுநாள் இரைப்பையின் உட்தோல் சிவந்து புண்பட்டிருப்பதையும் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: அலெக்சிஸுக்குக் கோபம் வந்தபோது இரைப்பைக்குள் பித்தநீர் வந்தது, ஜீரணமும் கெட்டது. மனதுக்கும் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை நம் பாட்டிமார் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணால் பார்த்து எழுதியவர் இவர். அமிலத்தோடு சேர்ந்து வேலை செய்யும் பெப்சினை ஷ்வான் கண்டுபிடித்தது 1836இல். மற்றதை உங்கள் பேராசிரியர் சொல்லுவார், நான் அவருடைய வயலில் அறுக்கப்போவதில்லை.

அலெக்சிஸுக்கு ஏன் கோபம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் அந்த வீட்டில் வியாதியஸ்தராக இருந்தார். வேலைக்காரராகவும் இருந்தார், விறகு வெட்டினார், தண்ணீர் சுமந்தார். மற்ற நேரத்தில் மல்லாந்து படுத்து, குழாய் வழியாகத் தன் வயிற்று நீரை எடுக்கவிட்டார். அதனால் அவருக்கு மயக்கமும் சோர்வும் வந்தது. 1825லேயே டாக்டரிடம் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டார், கலியாணம் செய்துகொண்டார். போமாண்ட் அவரைத் தேடிக் கண்டுபிடித்து 1829இல் கிராஃபோர்டு கோட்டைக்குத் திரும்ப வரவழைத்தார். 1831இல் அலெக்சிஸ் மனைவி மக்களோடு மறுபடியும் ஊருக்குப் போனார். மிசிசிப்பி ஆறு, ஒஹாயோ ஆறு, ஈரி ஏரி வழியாகத் திறந்த படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார், வயிற்றில் துவாரத்தோடு!

1832இல் ஒரு ஒப்பந்தம் எழுதப்பட்டது. சாப்பாடும் தங்குமிடமும் தவிர வருஷத்துக்கு 150 டாலர்; டாக்டர் எங்கே அழைத்தாலும் போகவேண்டும், சோதனைக்கு இணங்கவேண்டும். எழுதத் தெரியாத அலெக்சிஸ் அதில் குறிதான் இட்டார். மனிதனை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குச் சம்மதம் எழுதி வாங்கிய ஆரம்பகால உதாரணம் என்று சிலர் இதைப் புகழுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். உயிரைக் காத்தவர், உணவு கொடுத்தவர், வீட்டில் வைத்தவர் காகிதத்தை நீட்டும்போது ஏழை எப்படி மறுப்பான்?

இதைச் சொல்லும்போது என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லியாகவேண்டும். நான் வேறொரு ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்த காலத்தில், இலவச வார்டில் ஈரல் வீங்கிய ஒரு பெரியவர் படுத்திருந்தார். மாணவர்களுக்கு அருமையான வயிறு அது. விளிம்பு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும். ஒருநாள் காலையில் பத்துப்பன்னிரண்டு பேர் வரிசையாக அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் போனபோது, "வலிக்குது ஐயா, நாளைக்கு வேண்டாம்னு சொல்லுங்களேன்" என்றார். "நீங்களே சொல்லலாமே" என்றேன். "சும்மா பார்க்கிறாங்க. நான் எந்த வாயால சொல்றது?" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளைகள் படிக்கவேண்டாமா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் மாணவர்கள் வந்தார்கள்.

காணிக்கை அனுப்புகிற அன்பர்கள் அந்தப் படுக்கைக்குத்தான் பணம் கொடுத்தார்கள். அவருடைய வயிற்றை அமுக்கும் உரிமையை அவர்கள் வாங்கவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

போமாண்டின் புத்தகம் 1833இல் பிளாட்ஸ்பர்க் நகரில், அவருடைய கைப்பணச் செலவில் அச்சானது. 51 முடிவுகளோடு உலகமெங்கும் போயிற்று. 1834இல் அலெக்சிஸ் குடும்பத்தைப் பார்க்கப் போனார், பிறகு வரவேயில்லை. டாக்டர் ஏறக்குறைய 20 வருஷம் கடிதம் எழுதினார், பணம் தருகிறேன் என்றார். 1853இல் போமாண்ட் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து, அதன் காரணமாக மரித்துப்போனார்.

அலெக்சிஸ் 1880 ஜூன் மாதம் வரை உயிரோடிருந்தார். மரணச் செய்தி கேட்டதும் மருத்துவர்கள் அந்த இரைப்பையைக் கேட்டார்கள். மான்ட்ரியலில் இருந்த ஆஸ்லர், உங்கள் புத்தகங்களில் வரும் அதே ஆஸ்லர்தான், அதை அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும் என்று முயன்றார். வரவேண்டாம் என்று எச்சரிக்கைத் தந்தி வந்தது. வீட்டார் வேண்டுமென்றே பிரேதத்தை வழக்கத்துக்கு மேலாக வைத்திருந்து, வெயிலில் அழுகவிட்டார்கள். யாருக்கும் அது பிரயோஜனப்படக்கூடாது என்று. ஆராதனை நடந்தபோது நாற்றத்தால் பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுவர முடியவில்லை, வெளியே வைத்தார்கள். பிறகு எட்டு அடி ஆழத்தில் புதைத்தார்கள்.

நான் எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். தகப்பனுடைய சரீரத்தை அழுகவிட்டுக் காக்கவேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கும்படியாக மருத்துவர்களைக் குறித்த பயம் ஒரு வீட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்தக் கோவில் வாசலில் நின்ற குருவானவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுகிறேன். கனடாவின் உடலியங்கியல் சங்கத்தார் 1962இல் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 82 வருஷம் கழித்து.

போன வருஷம் இதே பேச்சைக் கேட்ட ஒரு மாணவி, "ஐயா, அந்தத் துவாரத்தைத் தைத்து மூடியிருக்கலாமே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போமாண்ட் ஆரம்பத்தில் பல மாதம் கட்டுப்போட்டு விளிம்புகளைச் சேர்க்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அறுவை செய்து தைக்கலாம் என்றார். அலெக்சிஸ் வேண்டாம் என்றுவிட்டார். டாக்டரும் வற்புறுத்தவில்லை. ஆகவே 58 வருஷம், சாகும்வரைக்கும், அவர் அதன்மேல் ஒரு துணியை வைத்துக் கட்டிக்கொண்டு விறகு வெட்டினார், பிள்ளைகளை வளர்த்தார்.

உங்கள் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினொரு மணிக்கு வார்டு இருக்கிறதாம். போய்வாருங்கள்.