படக்கதைகளும் நம் பிள்ளைகளும்
(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமய வகுப்பு மாணவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

சமயக் கருத்துகளை எடுத்துரைக்க என்னினும் கற்றறிந்த பெரியோர் இங்கு பலர் உள்ளனர். அரசாங்க ஊழியனாகிய நான், தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு, சிறுவர் படக்கதை நூல்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். இப்பொருள் ஆலய மேடைக்கு ஏற்றதா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. படத்தின் வழியே கதை சொல்லும் கலையை வளர்த்தவை நம் ஆலயங்களே.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் சோழர் காலத்து ஓவியங்கள் உள்ளன. முதியவர் வடிவில் வந்த இறைவன் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறும், சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்லும் காட்சியும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் கோயிலிலோ நாயன்மார்களின் வரலாறு சிறு சிறு சிற்பங்களாக வரிசையாக அமைந்துள்ளது. சிற்பங்களுக்கு விளக்க எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. படமும் அதனருகே சில சொற்களும் என்பதுதானே படக்கதை நூலின் இலக்கணம்! ஏடு படிக்க இயலாதவரும் கண்டு அறியட்டும் என்ற கருணையே இக்கலையின் வேர்.

அக்கருணையை அச்சுத்தாளில் தொடர்ந்தது 'அம்புலிமாமா'. 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நாகிரெட்டி, சக்ரபாணி ஆகிய இருவரின் முயற்சியால் சென்னையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கப்பெற்ற அவ்விதழ், பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பரவிற்று. தோளில் பிணத்தையும் கையில் வாளையும் தாங்கிச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை மறந்தவர் எங்கள் தலைமுறையில் எவருமிலர். அவ்வோவியத்தைத் தீட்டியவர் 'சங்கர்' எனப்பட்ட கே. சி. சிவசங்கரன். 1950களின் தொடக்கத்தில் அவ்விதழில் சேர்ந்து அறுபது ஆண்டுகள் வரைந்தவர். 2020இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். மறைவிற்குப் பின் 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு வினா எழுப்பும். விடை தெரிந்தும் மௌனம் சாதித்தால் மன்னனின் தலை சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரத்திற்குப் பறந்துவிடும். மன்னன் விடை கூறுமுன் நாங்களே கூற முயல்வோம். எது அறம், எது அறமன்று என்று சிறுவயதிலேயே ஆராய எங்களுக்குக் கற்பித்தது இக்கதை. அலுவலகத்தில் நாள் முழுதும் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளைப் பார்க்கும் நான், மாலையில் ஒரு தமிழ் நூலை விருப்பத்துடன் எடுக்கின்றேன் என்றால், எழுத்தறிவித்த தமிழ்ப்பள்ளியும், அவ்வெழுத்தின் மீது ஆசையை மூட்டிய இத்தகைய ஏடுகளுமே காரணம்.

1967ஆம் ஆண்டு அனந்த் பை அவர்கள் 'அமர் சித்ர கதா' வரிசையைத் தொடங்கினார். தொலைக்காட்சி வினாவிடைப் போட்டி ஒன்றில் கிரேக்கப் புராணத்தைப் பற்றி விடை பகர்ந்த மாணவர்களுக்கு, இராமபிரானின் தாயார் பெயர் தெரியவில்லை என்பதைக் கண்டு அவர் வருந்தியதே அதற்குத் தூண்டுதலாயிற்று. அவ்வரிசையின் தொண்டு பெரிது. எனினும், அசுரர்களும் தீயோரும் அதில் பெரும்பாலும் கருநிறத்தவராகத் தீட்டப்பட்டனர் என்று அறிஞர் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர். பெற்றோர்களே, இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடலாகாது. கருநிறக் குழந்தை ஒன்று அப்படத்தைக் காணும்போது தன்னை எப்பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்? நாம் வணங்கும் காளி கருநிறத்தாள். திருமால் கார்மேக வண்ணன். நூலை வாங்கிக் கொடுத்துவிட்டு அகலாமல், அருகிலிருந்து இதனை எடுத்துச் சொல்வது நம் கடமையாகும்.

அம்புலிமாமா இதழ் 2013ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. சென்னையிலிருந்து கப்பலேறி வந்த கதைகளை நம்பியே நாம் இருந்துவிட்டோம். நம் மண்ணின் கதையை நம் பிள்ளைகளுக்கு யார் வரைந்து கொடுப்பது?

செபராங் ஜெயாவிலிருந்து வடக்கே, காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கின்றது. அதுவே பழைய கடாரத்தின் நிலம் என்பர். அதன் கதையில் நட்பும் உண்டு, போரும் உண்டு. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்ப, சைவனாகிய முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குக் கொடையாக அளித்தான் எனச் செப்பேடு கூறுகின்றது. பின்னர் 1025ஆம் ஆண்டளவில் அவன் மகன் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. வெற்றியை மட்டும் வரைந்து கொடையை விட்டுவிட்டால் பிள்ளைகள் அறிவது பாதி வரலாறே. கெடாவின் மலாய்ப் பழங்கதையாகிய 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'விலும் கருடன் வருகின்றது. ஆலயத்தில் பெருமாளின் வாகனமாகக் காணும் கருடனை அண்டை வீட்டாரின் கதையிலும் காண்பது ஒரு குழந்தைக்கு எத்துணை மகிழ்ச்சி!

2013ஆம் ஆண்டில் அப்பள்ளத்தாக்கில், 'சண்டி 11' எனக் குறிக்கப்பட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. செய்தித்தாளில் கண்ட பிறகே, அப்படியொன்று அங்கிருந்ததைப் பலர் அறிந்தனர். படத்தில்கூடக் கண்டிராத ஒன்றைக் காக்கவேண்டுமென்ற எண்ணம் எவர் நெஞ்சில் எழும்?

ஆதலின் ஆலய நிருவாகத்தினருக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கின்றேன். சமய வகுப்பு அறையில் தமிழ்ப் படக்கதை நூல்களுக்கென ஒரு அலமாரி அமைய வேண்டும். ஆண்டுக்கொருமுறை மாணவர்களைப் பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்குக் கண்டதை அவர்களே படமாக வரைந்து, அருகே தமிழில் இரண்டு வரி எழுதி, அடுத்த ஆண்டு இம்மலரில் வெளியிட வேண்டும். கோடுகள் கோணலாக இருக்கலாம். எழுத்துப் பிழைகளும் இருக்கலாம். ஆனால் அது நம் பிள்ளைகள் தாமே படைத்த, நம் மண்ணின் படக்கதையாக இருக்கும்.

குழந்தைச் செல்வங்களே! இன்று வீடு திரும்புமுன் நம் ஆலயத்துக் கோபுரத்தைச் சற்று நின்று பாருங்கள். அதிலுள்ள உருவங்களுள் ஒன்றையேனும் காட்டி, "இது யார்? இவர் கதை என்ன?" என்று பெற்றோரைக் கேளுங்கள். பெற்றோர்களே, வேதாளத்தின் வினா இப்போது உங்களுக்குத்தான். விடை தெரிந்தும் மௌனமாய் இருந்துவிடாதீர்கள்!

அன்னையின் அருள் அனைவருக்கும் கிடைப்பதாக.