பதினாலு நாள் கணக்கு



கோட்டில் தீர்ப்பு நமக்குப் பாதகமாக வந்தால், “மேலே அப்பீல் போட்டுக்கலாம்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போடலாம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் போட முடியாது, நினைத்த நேரத்திலும் போட முடியாது.

முதல் வாசல் மூடுவது நம்ம வாயாலேயே. “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்கிறார்கள். கசிப்பு வழக்கோ, லயத்துச் சண்டையோ, இன்னொரு தவணை வந்தால் இன்னொரு பேர் போயிருமே என்ற கவலையில், செய்யாதவரும் “குற்றவாளிதாங்க”ன்னு சொல்லித் தண்டத்தைக் கட்டிவிட்டு வருகிறார். அப்படி ஒத்துக்கொண்டவர் பிறகு “நான் செய்யவே இல்லை” என்று மேன்முறையீடு செய்ய, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. நாளைக்கு பிள்ளை வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போது அந்தக் குற்றம் எழும்பி வரலாம்.

நுவரெலியா, பதுளைப் பக்கத்துக் கோடுகளில் விசாரணை சிங்களத்தில் நடக்கிறது. விளங்காதவருக்கு அரசாங்கமே மொழிபெயர்ப்பு தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. ஆகவே விளங்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்க. தலையை ஆட்டினால் விளங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது நாள் கணக்கு. நீதவான் தீர்ப்புக்கு எதிரான பெட்டிசனை 14 நாளைக்குள் அதே கோட்டில் கொடுக்க வேண்டும். அது அங்கிருந்து மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். தீர்ப்புச் சொன்ன நாளே முதலாம் நாள், அதை மறக்காதீங்க. ஞாயிறும் பொது விடுமுறையும் மட்டும் சேராது. நமக்குச் சம்பளம் மாசத்துக்கு ஒருக்கா. சம்பளம் வரட்டும், லோயரைப் பார்ப்போம் என்றிருந்தால் அதற்குள் நாள் முடிந்துவிடும். மறியலில் இருப்பவர் அதே நாட்களுக்குள் ஜெயிலரிடம் சொன்னால் போதும், பெட்டிசனைத் தயாரித்து அனுப்புவது அவர் கடமை.

வழக்கு நடுவே நீதவான் சொல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் அப்பீல் கிடையாது. தீர்ப்புக்கும் முடிவான கட்டளைக்கும்தான். மற்றதற்கு மீளாய்வு என்று ஒரு வழி உண்டு. ஆனால் அது நம் உரிமை இல்லை, நீதிமன்றம் மனம் வைக்க வேண்டும். விசேஷ காரணம் காட்டச் சொல்வார்கள், ஏன் தாமதம் என்றும் கேட்பார்கள்.

காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைத் தேடிப் போகலாம். 1978இல் சட்டம் போட்டு அமைத்தது அதற்காகத்தான். போகும்போது வழக்கு இலக்கத்தையும் தீர்ப்புத் திகதியையும் ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்க. அங்கே முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான்.